‘லைவ் ஆனதும் மீதி’ என்று எழுதாதீர்கள்: ஃப்ரீலான்ஸ் இணையதள வேலைக்கான ஒப்பந்தம்

கேள்வியின் சுருக்கம்: ஒரு ஜவுளிக் கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம், மொத்தம் 80,000 ரூபாய். பாதி அட்வான்ஸாக வந்துவிட்டது. மீதி “லைவ் ஆனதும்”. தளம் தயாராகி ஐந்து மாதம் ஆகியும் பொருட்களின் படங்களும் விவரங்களும் வரவில்லை. இடையில் “சின்ன சேஞ்ச்” என்று பத்துப் பதினைந்து மாற்றங்கள் இலவசமாக முடிந்திருக்கின்றன. எழுத்தில் இருப்பது ஒரு பக்கக் கொட்டேஷனும் வாட்ஸப் உரையாடலும் மட்டும். மீதிப் பணத்தை எப்படி வாங்குவது, அடுத்த வேலைக்கு ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதுவது?

உங்கள் சிக்கல் முழுவதும் “லைவ் ஆனதும்” என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. தளத்தை லைவ் ஆக்குவது உங்கள் கையில் இல்லை. படம் தர வேண்டியவர் அவர். பேமென்ட் கேட்வேக்கு (வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் சேவை) பான் அட்டையும் கேன்சல் செய்த காசோலையும் கொடுக்க வேண்டியவர் அவர். டொமைனுக்கான, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கான, ஓடிபி வருவதும் அவருடைய போனுக்குத்தான். உங்கள் பணம் வரும் நாளை அவர் செய்யப்போகும் காரியங்களோடு முடிச்சுப் போட்டுவிட்டு, அவர் சோம்பியிருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறீர்கள். அவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கல்யாண சீசன் என்று கடை ஓடிக்கொண்டிருக்கும்போது இணையதளம் அவருக்கு ஏழாவது வேலை. ஒப்பந்தத்தின் முதல் விதி இதிலிருந்துதான் வருகிறது: ஒவ்வொரு தவணையும் நீங்கள் செய்து முடிக்கக்கூடிய ஒரு செயலோடு, அல்லது காலண்டரில் உள்ள ஒரு தேதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது மாட்டியிருக்கும் வேலைக்கு

போனில் பேசிப் பேசி ஓய்ந்திருப்பீர்கள். இனி எழுத்துக்கு வாருங்கள். கொட்டேஷன், அட்வான்ஸ் வந்த வங்கிப் பதிவு, “ஓகே, ஆரம்பிங்க” என்று அவர் அனுப்பிய செய்தி ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் சேருங்கள். வாட்ஸப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டை விட முழு உரையாடலுக்கு மதிப்பு அதிகம். நீதிமன்றம் வரை போனால் மின்னணு ஆவணத்தோடு பாரதிய சாட்சிய சட்டம், 2023இன் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதனால் உரையாடல் நடந்த போனை மாற்றினாலும் தூக்கிப் போடாதீர்கள்.

பிறகு ஒரு மின்னஞ்சல். குறை சொல்லாமல், தேதிகளோடு இப்படி எழுதலாம்:

“கொட்டேஷனில் உள்ள எட்டுப் பக்கங்கள், பொருள் பட்டியல், கார்ட், செக்அவுட் ஆகியவை முடிந்து இந்தச் சோதனை முகவரியில் உள்ளன. உங்களிடமிருந்து வர வேண்டியவை: 120 பொருட்களின் படமும் விலையும், கேட்வேக்கான ஆவணங்கள். இவை கேட்கப்பட்ட தேதிகள் கீழே. முடிந்த வேலைக்கான 32,000 ரூபாய்க்கு இன்வாய்ஸ் இணைத்துள்ளேன். மீதி 8,000 ரூபாயை லைவ் ஆகும்போது தரலாம். இப்போது கையில் உள்ள பொருட்களை மட்டும் வைத்துத் தளத்தைத் திறக்கவும் நான் தயார். சோதனைத் தளத்தில் குறை ஏதும் இருந்தால் 15 நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்கவும்.”

அந்தக் கடைசி 8,000 ரூபாயை விட்டு வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தத்தையும் கேட்டால் “தளமே இன்னும் வரலையே” என்று பதில் வரும். பத்தில் ஒரு பங்கை லைவுக்கு என்று ஒதுக்கிவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை. இன்வாய்ஸ் கட்டாயம் அனுப்புங்கள். இன்வாய்ஸே கொடுக்காமல் “பணம் தரவில்லை” என்று சொல்லும் ஃப்ரீலான்சர்கள் ஏராளம். பெரும்பாலான கடைகளில் கணக்குப் பிள்ளையின் மேசைக்குக் காகிதம் வந்தால்தான் பணம் நகரும்.

தவணைகள்

அடுத்த வேலை இதே 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திட்ட அன்று 40%, அதாவது 32,000. வடிவமைப்பு ஒப்புதலானதும் 30%, 24,000. சோதனைத் தளத்தில் (பொதுமக்களுக்குத் திறக்காத, பார்த்துச் சரிசெய்வதற்கான இடம்) முழுத் தளத்தையும் ஏற்றிக் காட்டியதும் 20%, 16,000. மீதி 10%, 8,000: தளம் லைவ் ஆகும் நாள், அல்லது சோதனைத் தளம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 30ஆம் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அது. இந்த “எது முந்துகிறதோ” என்ற வரி இல்லாமல் எந்தக் கடைசித் தவணையையும் எழுத வேண்டாம்.

“ஒப்புதலானதும்” என்ற சொல்லிலும் அதே பொறி ஒளிந்திருக்கிறது. அவர் ஒப்புதலே தராமல் இருந்தால்? அதற்கு ஒரு பத்தி:

“வடிவமைப்போ சோதனைத் தளமோ மின்னஞ்சலில் அனுப்பப்பட்ட 7 வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான திருத்தப் பட்டியல் வராவிட்டால், அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும், அதற்குரிய தவணை அன்றே செலுத்தத்தக்கதாகும்.”

இதைப் பார்த்துக் கிளையண்ட் தயங்கினால், சட்டமே இதைப் போன்ற ஒன்றைச் சொல்கிறது என்று காட்டலாம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, சேவை அளிக்கப்பட்ட 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், அளித்த நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகக் கொள்கிறது.

அடுத்து, கிளையண்ட் தர வேண்டியவை தாமதமானால் என்ன ஆகும் என்பது. இதற்கு மூன்று படி போதும். கேட்ட பொருள் 15 நாள் தாமதமானால், அதுவரை முடிந்த வேலைக்கு இன்வாய்ஸ் போடப்படும். 30 நாள் ஆனால் வேலை நிறுத்தி வைக்கப்படும். மீண்டும் தொடங்க மொத்தத் தொகையில் 10% மறுதொடக்கக் கட்டணம், முடியும் தேதியும் புதிதாக நிர்ணயிக்கப்படும். 90 நாள் ஆனால் ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளப்படும். முடிந்த வேலையின் மதிப்பு போக அட்வான்ஸில் மீதம் இருந்தால் திருப்பித் தரப்படும். “அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது” என்று தடித்த எழுத்தில் போடுவதை விட இது வலுவானது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேல் போகாமல் நியாயமான ஈட்டுத்தொகையைத்தான் தரச் சொல்கிறது. வேலையின் கட்டத்தோடு இணைந்த கணக்கு அங்கே நிற்கும்; வெறும் தண்டத்தொகை நிற்பது சந்தேகம்.

எது வேலைக்குள், எது வெளியே

“8 பக்க இணையதளம்” என்ற வரிக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஜவுளிக் கடைத் தளத்தில் 120 புடவைக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. கிளையண்ட் அதையும் பக்கம் என்று எண்ணுவார், நீங்கள் ஒரே டெம்ப்ளேட் (பல பக்கங்களுக்குப் பொதுவான அச்சு) என்று எண்ணுவீர்கள். ஆகவே டெம்ப்ளேட் எத்தனை என்று எழுதுங்கள்: முகப்பு, வகைப் பட்டியல், பொருள், கார்ட், செக்அவுட், கணக்கு, சாதாரணப் பக்கம். பொருட்களை யார் ஏற்றுவது, எத்தனை, எந்த வடிவில் வரும் என்பது தனி வரி: “120 பொருட்கள் வரை, இணைக்கப்பட்ட எக்செல் மாதிரியில், ஒரு பொருளுக்கு மூன்று படம் வீதம், டிரைவ் ஃபோல்டரில்.” வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேரும், ஜரிகையின் நுணுக்கம் தெரியாது. பிறகு “சைட்ல படம் மங்கலா இருக்கு” என்ற புகாரும் உங்களிடமே வரும்.

தமிழ்த் தளமென்றால் இன்னொரு வரி அவசியம், இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கடையின் பழைய பிரசுரங்கள் அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே கொடுத்து “டெக்ஸ்ட் ரெடியா இருக்கு” என்பார்கள். எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடு (இணையத்தில் எங்கும் படிக்கக்கூடிய எழுத்துமுறை) வரும், உண்மைதான். ஆனால் இடையில் இருந்த ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி, பிராண்ட் பெயர் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக மாறியிருக்கும். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. எது உண்மையான ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தையும் மூலத்தோடு வைத்துப் படித்துத் திருத்த வேண்டும். எனவே: “உள்ளடக்கம் யூனிகோடில், பிழை திருத்தப்பட்டு வரும். வேறு எழுத்துருவில் வந்தால் மாற்றித் திருத்தும் வேலைக்குப் பக்கத்துக்கு இவ்வளவு.”

வேலைக்கு வெளியே இருப்பவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். லோகோ, புகைப்படம் எடுத்தல், எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு, கம்பெனி மின்னஞ்சல் அமைப்பு, கூகுள் விளம்பரம், பழைய தளத்திலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை மாற்றுவது. விற்பனைத் தளத்தில் இன்னொன்று: கணக்கைத் திறந்துவிடும் முன் கேட்வே நிறுவனங்கள் விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், டெலிவரி, தொடர்பு ஆகிய பக்கங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். அவற்றின் வாசகம் யாருடைய பொறுப்பு? கிளையண்டுடையது. வேறு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டி வைக்காதீர்கள். “7 நாளில் பணம் வாபஸ்” என்று நீங்கள் ஒட்டியது நாளை அவருடைய வாக்குறுதியாகிவிடும்.

திருத்தங்களுக்கு வருவோம். “இரண்டு சுற்றுத் திருத்தம்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சுற்று என்றால் என்ன என்று யாரும் எழுதுவதில்லை. காலையில் முதலாளி பச்சை வேண்டும் என்பார், மதியம் அவர் மகன் கறுப்பு என்பார், இரவு மைத்துனர் பேனர் பெரிதாக வேண்டும் என்பார். இது ஒரு சுற்றா மூன்று சுற்றா? இப்படி எழுதுங்கள்: “கிளையண்ட் நியமிக்கும் ஒரே நபர், அனைவரின் கருத்தையும் தொகுத்து, ஒரே மின்னஞ்சலில் அனுப்பும் பட்டியல் ஒரு சுற்று.” அந்த நபரின் பெயரை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள். குடும்பத் தொழில்களில் இந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அதற்கு மேலான மாற்றத்துக்கு மணிக்கு இவ்வளவு, குறைந்தது அரை மணி என்று கட்டணம் இருக்கட்டும். 20 நிமிட வேலையை இலவசமாகச் செய்வது பெருந்தன்மைதான், செய்யலாம். ஆனால் இன்வாய்ஸில் அதைக் காட்டுங்கள். “மெனு வரிசை மாற்றம், 400 ரூபாய், தள்ளுபடி 400.” எதற்கும் விலை உண்டு என்பது சண்டையில்லாமல் பதிந்துவிடும். போனில் சொன்ன மாற்றத்தை அன்றைக்கே எழுதி அனுப்பி “சரி” என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

பிழை வேறு, புது ஆசை வேறு. ஒப்படைத்த 30 நாள் வரை, எழுதிய விவரத்தின்படி இயங்காத எதையும் இலவசமாகச் சரிசெய்வது நியாயம். பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட்டில் உடைந்தது, ஹோஸ்டிங் நிறுவனம் தளம் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பை உயர்த்தியதால் உடைந்தது, கடை ஊழியர் அட்மினில் போய் எதையோ அழித்தது ஆகியவை இதில் சேரா. அவை பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு உரியவை. வேகத்துக்கும் ஒரு அளவுகோல் வையுங்கள். “பேஜ்ஸ்பீட் 100” (கூகுளின் வேகச் சோதனையில் முழு மதிப்பெண்) என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். பிறகு அவர் ஒரு சாட் விட்ஜெட்டையும் விளம்பரக் குறியீட்டையும் சேர்த்தால் மதிப்பெண் விழும். “ஒப்படைக்கும் நாளில், சோதனைத் தளத்தில், முகப்பின் பெரிய படம் மொபைல் சோதனையில் 2.5 விநாடிக்குள்” என்று நாளையும் இடத்தையும் கட்டிப்போடுங்கள்.

கோட் யாருடையது

பணம் கொடுத்தவருக்கே எல்லாம் சொந்தம் என்றுதான் இரு தரப்பும் நினைக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. 17ஆம் பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு முதலாளிதான் முதல் உரிமையாளர். வெளியிலிருந்து வேலையை ஏற்றுச் செய்யும் ஃப்ரீலான்சர் எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, எழுதியவரே உரிமையாளர். உரிமை கைமாற 19ஆம் பிரிவுப்படி கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகளில், என்ன தொகைக்கு என்று இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய.

இது உங்களுக்கு நல்ல பிடி. அதை மிரட்டலாகப் பயன்படுத்தாமல் ஒழுங்காகப் பயன்படுத்துங்கள்: “மொத்தத் தொகையும் செலுத்தப்பட்ட நாளில், இந்தத் தளத்துக்கென்று தனியாக எழுதப்பட்ட வடிவமைப்பு, நிரல் ஆகியவற்றின் பதிப்புரிமை, முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், கிளையண்டுக்கு மாற்றப்படுகிறது. அதுவரை சோதித்துப் பார்க்கும் அனுமதி மட்டும்.” கூடவே இரண்டு விலக்கு. நீங்கள் எல்லா வேலையிலும் பயன்படுத்தும் சொந்தக் கருவித் துண்டுகள் உங்களுடையவையாகவே இருக்கும், கிளையண்டுக்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டும். தளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருட்கள் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. அவற்றின் உரிமையை உங்களால் யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாது, அதை வாக்களிக்கவும் கூடாது.

கட்டணப் பிளகின்களை உங்கள் ஏஜென்சி உரிமத்தில் போட்டுக் கொடுத்தால் இரண்டாம் ஆண்டு அப்டேட் நின்றதும் தொலைபேசி அடிக்கும். எந்தப் பிளகின், யார் பெயரில், ஆண்டுச் சந்தா எவ்வளவு, புதுப்பிப்பது யார் என்று இணைப்பாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். படங்களுக்கும் எழுத்துருவுக்கும் உரிமை தன்னிடம் உள்ளது என்று கிளையண்ட் உறுதி தர வேண்டும். கூகுளில் எடுத்த படத்துக்கு நோட்டீஸ் வந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பாகக் கூடாது.

சாவிகள்

டொமைன், ஹோஸ்டிங், கேட்வே, கூகுள் கணக்குகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே கிளையண்டின் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். உங்களுக்குத் துணை அனுமதி போதும். டொமைனை உங்கள் பெயரில் வைத்திருந்தால் பிடி இருக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். புதுப்பிக்க மறந்தால் பழி உங்கள் தலையில். கணக்கு கைமாறும் நேரத்தில் பெயர் மாற்றப் பூட்டும் வந்து சேரும். டாட் காம் போன்ற முகவரிகளில் பதிவாளரை மாற்ற 60 நாள் வரை காத்திருக்க நேரலாம்.

உங்கள் உண்மையான பிடி சோதனைத் தளம். அது உங்கள் சர்வரில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். லைவ் சர்வருக்கு மாற்றுவதும் முழுக் கோப்பை ஒப்படைப்பதும் மூன்றாவது தவணை வந்த பிறகு. ஒருமுறை கிளையண்டின் சர்வருக்குப் போய்விட்டால், பணம் வரவில்லை என்று உள்ளே புகுந்து தளத்தை முடக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 பிரிவுகளின்படி, அனுமதியில்லாமல் நுழைவதும் சேவையை முடக்குவதும் நேர்மையற்ற நோக்கத்தோடு நடந்தால் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எட்டாயிரம் ரூபாய்க்காக வாதியாக இருக்க வேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டாம்.

வரி

கொட்டேஷனில் “ஜிஎஸ்டி இருந்தால் கூடுதல்” என்ற வரி இல்லாவிட்டால், 80,000 என்பது எல்லாம் சேர்த்துத்தான் என்று கிளையண்ட் வாதிடுவார். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலக் கிளையண்டாக இருந்தாலும் அதே வரம்புதான். பதிவு செய்தவர் 18% சேர்க்க வேண்டும். பதிவு இல்லாதவர் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி போடவே கூடாது.

டிடிஎஸ் (பணம் தருபவரே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடித்தம் பற்றித் தெரியாமல் பணம் குறைந்துவிட்டது என்று சண்டை போடுபவர்கள் உண்டு. கம்பெனிகளும் பங்குதாரர் நிறுவனங்களும், குறிப்பிட்ட விற்றுமுதலுக்கு மேற்பட்ட தனி உரிமையாளர்களும், தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 80,000க்கு 8,000 போக 72,000 வரும். அந்த 8,000 உங்கள் பான் எண்ணில் வரவாக வேண்டும். வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள், வராவிட்டால் உடனே கேளுங்கள். பான் கொடுக்காவிட்டால் 20%. இதே வேலையைச் சில ஆடிட்டர்கள் தொழில்நுட்பச் சேவை என்று கொண்டு 2% பிடிப்பார்கள். எந்த விகிதம் என்று முதல் இன்வாய்ஸுக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில்: “சட்டப்படியான பிடித்தம் போக மீதி செலுத்தப்படும், பிடித்ததற்கான சான்றிதழ் தரப்படும்.”

வெளிநாட்டுக் கிளையண்ட் என்றால் பணம் எந்த நாணயத்தில், வங்கிக் கட்டணமும் மாற்று விகித இழப்பும் யாருக்கு என்று எழுதுங்கள். பணம் வரும்போது வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டில், மென்பொருள் ஆலோசனை, செயலாக்கத்துக்கு பி0802. வரவுச் சான்றை வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் ஆண்டுதோறும் உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்பலாம்.

தராவிட்டால்

இதற்குச் செய்ய வேண்டிய வேலை பணம் நிற்பதற்கு முன்பே இருக்கிறது: உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழிலாக மத்திய அரசிடம் பதிந்துகொள்வது. இலவசம், ஆதாரும் பானும் போதும். காசு கேட்கும் தளங்கள் இடைத்தரகர்கள். தொழில் வகைக் குறியீட்டில் இணையப் பக்க வடிவமைப்புக்கு 62012. பதிவு எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் போடுங்கள். முன்பு சொன்ன குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் தவணைக்காலம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது; எழுத்து இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வேலை முடிந்த பிறகு பதிவு செய்துவிட்டு அந்த வேலைக்கு இந்தச் சலுகையைக் கேட்டால் நிற்பது சந்தேகம். அதனால்தான் மேலே சொன்ன மாட்டிக்கொண்ட வேலைக்கு இந்த வழியைச் சொல்லவில்லை.

வட்டியை விடக் கிளையண்டின் ஆடிட்டரை அசைப்பது இன்னொன்று. குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, 2023–24 நிதியாண்டு முதல், உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத் தொடக்கத்தில் உத்யம் எண்ணோடு ஒரு நினைவூட்டல் போனால் ஆடிட்டரே முதலாளிக்குப் போன் செய்வார். அதற்கும் அசையாவிட்டால் வசதி மன்றத்தில் (குறு, சிறு நிறுவனங்களின் பணப் பாக்கி வழக்கைக் கேட்கும் அரசு அமைப்பு) ஆன்லைனில் மனு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று மன்றங்கள் உண்டு. விரைவாக முடியும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆனால் மன்றத் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் அவர் தீர்ப்புத் தொகையில் 75% கட்டிவிட்டுத்தான் போக முடியும். சிவில் வழக்குக்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு.

இவ்வளவு சிறிய தொகைக்கு நடுவர் தீர்ப்புப் பிரிவு (ஆர்பிட்ரேஷன்) எழுதாதீர்கள். நடுவர் கட்டணமே பில்லைத் தின்றுவிடும். உங்கள் ஊர் நீதிமன்றம் என்று எழுதுங்கள். எழுதும்போது “மட்டுமே” என்ற சொல் இருக்கட்டும். ஏ.பி.சி. லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீஸ், சேலம் வழக்கில் ஒப்பந்தம் குஜராத்தின் கைரா நீதிமன்ற அதிகார வரம்பு என்று சொன்னது; “மட்டுமே” என்ற விலக்குச் சொல் அதில் இல்லாததால் சேலம் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு செல்லும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னாளில் 2013இல் அந்தச் சொல் இல்லாமலும் விலக்கு இருக்கலாம் என்று வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. இருந்தாலும் ஒரு சொல்லை எழுதச் செலவு ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊரை எழுதினால் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு மாதிரிகளை நகலெடுத்தால் “இரண்டு ஆண்டுக்கு வேறு ஜவுளிக் கடைக்கு வேலை செய்யக் கூடாது” என்ற வரி கூடவே வரும். ஒப்பந்தம் முடிந்த பிறகான அந்தத் தடை நம் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது. செல்லாதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிடாமல் அடித்துவிடுங்கள். இழப்பீட்டுப் பொறுப்புக்கு உச்சவரம்பாக, நீங்கள் பெற்ற மொத்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளி அன்று சர்வர் விழுந்ததால் போன விற்பனையை உங்களிடம் கேட்கும் வாசல் இதில் அடைபடும்.

முத்திரைத்தாள் இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பது தவறான நம்பிக்கை. மின்னஞ்சலில் “ஏற்கிறேன்” என்றாலே உடன்பாடு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் முத்திரை இல்லாத ஆவணத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டப் போனால், கட்டாமல் விட்ட முத்திரைக் கட்டணத்தோடு அதன் பத்து மடங்கு வரை தண்டமும் கட்டச் சொல்லலாம். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கு 20 ரூபாயாக இருந்த கட்டணம் 2024இல் 200 ஆனது. 80,000 ரூபாய் வேலைக்கு அதைச் செலவழிப்பதில் தவறில்லை.

கையெழுத்திடும் முன் எதிர்த் தரப்பு யார் என்று பாருங்கள். பலகையில் உள்ள கடைப் பெயருக்குச் சட்டத்தில் உருவம் இருக்காது. ஜிஎஸ்டி எண்ணைத் தேடினால் தனி உரிமையா, பங்குதாரர் நிறுவனமா, பிரைவேட் லிமிடெட்டா என்று தெரிந்துவிடும். தனி உரிமை என்றால் உரிமையாளரின் பெயர், கடைப் பெயர் இரண்டும் வர வேண்டும். பங்குதாரர் நிறுவனம் என்றால் ஒரு பங்குதாரரும், கம்பெனி என்றால் இயக்குநரோ அதிகாரம் பெற்ற ஒருவரோ கையெழுத்திட வேண்டும். மேலாளரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் இருந்தால், முதலாளியின் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி உறுதியை வாங்கி ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.